சீனிவிடை டப்பாவின் கடைசிச் சொல்

எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அதைப் படித்து முடிக்காமல் ஜோதிலட்சுமியால் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. பேருந்துச் சீட்டு, பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாள், நியாய விலைக் கடையின் அறிவிப்பு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் அடியில் வரிசையாக இருக்கும் உறவினர் பெயர்கள், எதையும் அவள் விட்டுவைத்ததில்லை. மாநகராட்சிப் பள்ளியில் எட்டாம் வகுப்போடு அவளுடைய படிப்பு நின்றுபோயிற்று. ஆனால் படிப்பது நிற்கவில்லை.

அடையாற்றங்கரையில் குடிசை இருந்த காலத்திலேயே அந்த வரிசை முழுவதற்கும் அவள்தான் வாசகி. கரையிலிருந்து எல்லாரையும் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பியபோது, எந்தக் குடும்பத்துக்கு எந்த எண் என்ற பட்டியலை லாரியின் பின்கதவருகே நின்று உரக்கப் படித்தவளும் அவளே. இன்றும் நான்காவது மாடியிலுள்ள அவள் வீட்டுக்கு மின்வாரியச் சீட்டு வரும், பள்ளிக்கூடத்துக் கடிதம் வரும், மருத்துவமனைச் சீட்டு வரும். ஒரு சொல்லைக் கூட்ட மாட்டாள், ஒரு சொல்லைக் குறைக்கவும் மாட்டாள்.

“இன்னா எய்தி கீதோ அத்தத்தான் சொல்வேன். அதுக்கு மேல வோணும்னா எய்தினவனப் போயிக் கேளு” என்பாள்.

ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கென்று இருந்த மரியாதை இந்த ஒன்றுதான். அந்த மரியாதையைத்தான் ஒரு கேப்சூல் டப்பா வந்து குலைத்தது.

அவளுடைய தம்பி மண்ணாங்கட்டி. அவளுக்கும் அவனுக்கும் இடையில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்காததால், இதுவாவது தங்கட்டும் என்று தாய் வைத்த பெயர். தங்கினான். தியாகராய நகரில், பனகல் பூங்காவுக்கு அருகில் ஆட்டோ ஓட்டினான். ஊரின் சந்துபொந்தெல்லாம் அவனுக்கு மனப்பாடம். எழுத்து மட்டும் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. எழுத்தென்றால் அவனுக்கு அக்காள்தான்.

அவனுக்கு ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அரசு மருத்துவமனையில் மாதந்தோறும் மாத்திரை வாங்கி விழுங்கிவந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி சொர்ணத்தோடு அக்காள் வீட்டுக்கு வந்தவன், சட்டைப் பையிலிருந்து பச்சை நிற டப்பா ஒன்றை எடுத்து வைத்தான்.

“யக்கா, இத்தக் கொஞ்சம் படி. கடைல ஒருத்தரு கொடுத்தாரு. நாப்பத்தெட்டு நாளு, ஒரு மண்டலம். அத்தோட சக்கரைக்கி டாட்டாவாம்.”

டப்பாவின் முகப்பில் ஒரு தாடிக்காரரின் படம். ‘சீனிவிடை – சித்தர் வழி மூலிகை கேப்சூல்’ என்று பெரிய எழுத்து. ‘சர்க்கரைக்கு விடை கொடுங்கள்’ என்று அதன்கீழ் ஒரு வரி. ஜோதிலட்சுமி அதோடு நிறுத்தவில்லை. டப்பாவைச் சுற்றி ஒட்டியிருந்த காகிதத்தில் கட்டம் கட்டமாகப் பொடி எழுத்தில் இருந்ததையும் வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்துப் படித்தாள். ஆவாரம்பூ, நாவல் கொட்டை, சிறுகுறிஞ்சான் என்று மூலிகைப் பெயர்கள் வந்தன. பிறகு முதற்கட்டத்தின் கடைசி வரி வந்தது.

“இப்பொருள் நீரிழிவு நோயைக் குணப்படுத்துவதற்கு உரியது.”

கட்டம் அங்கே முடிந்தது. டப்பாவைத் திருப்பி, இரண்டாம் கட்டத்தை மேலிருந்து தொடங்கினாள்.

“அன்று தயாரித்த நாள் நாலாந் தேதி, ரெண்டாவது மாசம்.”

“பாத்தியா!” என்று சொர்ணத்தின் தோளில் தட்டினான் மண்ணாங்கட்டி. “நீ நம்பலியே. அச்சுல போட்டுக்கீறான் பாரு. அக்காவே படிச்சிச்சு.”

மறுநாள் முதல் மருத்துவமனை மாத்திரை நின்றது. மண்டலம் என்றால் விரதம் என்று எடுத்துக்கொண்டு, தனக்கு உயிரான மீனையும் நிறுத்தினான். யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை. அச்சிலிருந்த எழுத்துக்கு அவன் செலுத்திய மரியாதை அது.

நாற்பதாம் நாள் வலது காலின் சுண்டுவிரலில் செருப்புக் கடித்த புண் கறுத்து, நாற்றமெடுத்தது. சொர்ணம் அழுது அடம்பிடித்து அவனை மருத்துவமனைக்கு இழுத்துச் சென்றாள். ஜோதிலட்சுமியும் கூடப் போனாள். சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு இருந்தது.

“மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க?” என்று கேட்டார் டாக்டர் வஜீஹா.

“நாப்பது நாளாச்சும்மா.”

“யார் நிறுத்தச் சொன்னா?”

மண்ணாங்கட்டி டப்பாவை மேசைமேல் வைத்தான். பிறகு திரும்பி அக்காளைக் காட்டினான். குற்றம் சுமத்துகிற கை அன்று அது. பெருமையோடு சாட்சி காட்டுகிற கை. “எங்க அக்கா படிச்சிச்சு. கொணப்படுத்தும்னு எய்தி கீது.”

டாக்டர் டப்பாவைக் கையிலெடுத்துச் சுழற்றினார். ஓரிடத்தில் நகத்தை வைத்தார். “அம்மா, இந்த நம்பரை எண்ணுங்க.”

ஜோதிலட்சுமி எண்ணினாள். பதினான்கு இலக்கம்.

“இது உணவுப் பொருளுக்குக் கொடுக்கிற உரிமம். வீட்ல பிஸ்கட் பாக்கெட் இருந்தா எடுத்துப் பாருங்க, அதுலயும் இதே மாதிரி பதினாலு இலக்கம் இருக்கும். நிஜமான சித்த மருந்துன்னா மருந்து தயாரிக்கிற உரிமம் தனியா வாங்கி, அந்த எண்ணைப் போட்டிருப்பாங்க. இதுல அது எங்கேயும் இல்ல. உங்களுக்குச் சித்த மருந்துதான் வேணும்னா எங்க ஆஸ்பத்திரியிலயே சித்தப் பிரிவு இருக்கு, போய்க் கேளுங்க. இது மருந்தே இல்ல.” குனிந்து புண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “இன்னிக்கே சேர்ந்து இன்சுலின் போடணும். தள்ளிப்போட்டா விரல் போகும். அதுக்கப்புறமும் தள்ளிப்போட்டா பாதம்.”

“இன்னும் எட்டு நாளுதாம்மா கீது” என்றான் மண்ணாங்கட்டி, பணிவாக. “மண்டலம் முடியட்டும். பாதில வுட்டா பலிக்காது.”

“எட்டு நாள்லாம் முடியாதுங்க!”

“அப்போ அச்சுல போட்டவன் பொய் சொல்வானா? எங்க அக்கா பொய் சொல்லுமா?”

சேர மாட்டேன் என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்திட்டுவிட்டு எழுந்து நொண்டி நடந்தான். சொர்ணம் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். “நீதான படிச்ச? இப்போ நீயே சொல்லு அவருகிட்ட” என்றாள். பிறகு அவன் பின்னாலேயே ஓடினாள்.

அன்று மாலை, டாக்டரின் மேசைமேல் தம்பி விட்டுவந்த காலி டப்பாவை வைத்துக்கொண்டு ஜோதிலட்சுமி தன் சமையலறையிலிருந்த உறைகளை எல்லாம் தரையில் பரப்பினாள். பிஸ்கட், உப்பு, சேமியா, மிளகாய்த்தூள். ஒவ்வொன்றிலும் பதினான்கு இலக்கம். சேமியாவும் சீனிவிடையும் ஒரே இனம்! சேமியாக்காரன் தாடிக்காரர் படம் போட்டு நோயைத் தீர்க்கிறேன் என்று சொல்லவில்லை, அவன் யோக்கியன். டப்பாவைத் தரையில் ஓங்கி வைத்தாள். ஆயினும் ஒரு முள் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. எண்ணைப் பற்றி டாக்டர் சொன்னது சரி. எழுத்து? ‘உரியது’ என்றுதானே இருந்தது? தான் படித்தது சரிதானே?

மறுநாள் அந்த டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மயிலாப்பூரில் ஹம்சா மாமியின் வீட்டில் அவள் பதினோரு ஆண்டுகளாகச் சமையல். ஹம்சா மாமி வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுப்பவர். சாகித்தியத்தில் ஒரு மெய்யெழுத்து சிதைந்தாலும் சுருதிப்பெட்டியை அணைத்துவிட்டு மாணவியை முறைக்கிறவர்.

“மாமி, இத்தப் படிச்சு சொல்லுங்க. நான் படிச்சது சரியான்னு பாக்கணும்.”

மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். முதற்கட்டத்தின் அடிக்கு வந்தார். உதடு நின்றது. டப்பாவைத் திருப்பினார். மறுபடி பழைய கட்டத்துக்கு வந்தார்.

“நீ எப்படிப் படிச்சே?”

“கொணப்படுத்துவதற்கு உரியது. அப்பால, அன்று, தயாரித்த நாள் இன்ன தேதி.”

“ஐயோ ஜோதி! தப்பாப் படிச்சுட்டியேடி. ‘உரியது அன்று.’ ரெண்டும் ஒரே வாக்கியம். இங்கே அன்றுன்னா அன்னிக்குங்கற அர்த்தம் இல்லே. இல்லைன்னு அர்த்தம். ஒருமைன்னா அன்று, பன்மைன்னா அல்ல. குணப்படுத்தாதுன்னு அவாளே போட்டிருக்கா. அதுவும் இலக்கணப் பிழை இல்லாம!”

ஜோதிலட்சுமி டப்பாவை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நாற்பது ஆண்டுகளாக ஊருக்கே படித்துச் சொன்னவள், கூடப்பிறந்தவனுக்குத் தப்பாகப் படித்திருக்கிறாள். ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைத் தேதியோடு சேர்த்து வாசித்தது, செருப்புக்குப் பதில் அவளே அவன் காலைக் கடித்ததுபோல் ஆயிற்று. மிக்சியில் தேங்காயைப் போட்டவள் பொத்தானை அழுத்த மறந்து நின்றாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சரக்கு உறைகளின்மேல் அச்சிடப்படும் தமிழ் எந்த நிலையில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒற்று இருக்காது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் உறவு இருக்காது. ‘குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கவும் குழந்தைகள் எட்டாத’ என்று பாதியில் நிற்கும். நாமும் கோணலாகக் கிடப்பதைக் கோணலாகவே படித்து, நமக்கு வேண்டிய பொருளை நாமே கூட்டிக்கொள்ளப் பழகிவிட்டோம். ‘அன்று தயாரித்த நாள்’ என்று ஒரு டப்பாவில் கண்டால் எவரும் புருவத்தைக் கூட உயர்த்த மாட்டோம். நம்முடைய அந்தப் பொறுமையைத்தான் ஒருவன் கணக்குப் போட்டுப் பிடித்திருக்கிறான். எதிர்மறையை வாக்கியத்தின் தலையில் வைக்கும் மொழிகள் உண்டு. தமிழ் அதை வாலில் வைக்கிறது. வாலைத் துண்டித்து அடுத்த கட்டத்தில் ஒட்டினால், முன்னால் நிற்பது முழு வாக்கியம்போலவே நிற்கும். ஒரு மொழியின் இயல்பையே அந்த மொழியை மட்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு எதிராகத் திருப்புவதற்கு என்ன பெயர் வைப்பது? ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரியும் டப்பாவின் அடியில் இருக்கத்தான் செய்தது, கடுகளவு எழுத்தில். ஆங்கிலம் தெரிந்தவன் பிழைத்துக்கொள்ளலாம்.

ஜோதிலட்சுமிக்கு ஒருமையும் தெரியாது, பன்மையும் தெரியாது. ஆனால் எழுத்தைக் கண்டால் அவள் விடமாட்டாள். அடுப்பைத் தணித்துவிட்டு, டப்பாவை மீண்டும் மேலிருந்து தொடங்கினாள். ‘கர்ப்பிணிகளுக்கு ஏற்றது அல்ல.’ விரல் நின்றது. ‘குழந்தைகளுக்கு உரியது அல்ல.’ ‘இது சமச்சீர் உணவுக்கு மாற்று அல்ல.’ ‘மூடி உடைந்திருந்தால் வாங்கத்தக்கது அல்ல.’

கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். பாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

“மாமி, ஒண்ணுன்னா அன்றுன்னுதான் போடணும், அப்டித்தான?”

“ஆமாண்டி.”

“அப்போ இந்த நாலு எடத்துலயும் ஏன் அல்லன்னு போட்டுக்கீறான்? இதெல்லாமும் ஒண்ணுதான?”

மாமி டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கினார். ஒவ்வோர் இடமாக நகத்தால் கீறிப் பார்த்தார். நான்கும் ஒருமை, நான்கிலும் ‘அல்ல.’ இலக்கணம் தெரியாதவன் எழுதிய டப்பா. அப்படிப்பட்டவனுக்கு ஒரே ஓர் இடத்தில், அதுவும் நோயைப் பற்றிச் சொல்லும் இடத்தில், கட்டத்தின் விளிம்பில், இலக்கணம் திடீரென்று ஞானமாக உதித்திருக்கிறது.

“‘அல்ல’ன்னு போட்டா எந்தக் கட்டத்துல இருந்தாலும் படிக்கறவாளுக்குப் புரிஞ்சுடும்” என்றார் மாமி மெதுவாக. “‘அன்று’ன்னா தேதியோட ஒட்டிண்டுடும். திருட்டுப் பய! ஜோதி, நீ தப்பாப் படிக்கலேடி. உன்னை அப்படிப் படிக்க வெச்சிருக்கான்.” சுருதிப்பெட்டியை அணைத்தார். “இன்னிக்கு வகுப்பு அவ்வளவுதான், போங்கோ எல்லாரும்.”

உடனே உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதுவோம் என்று மாமி காகிதம் தேடினார். ஜோதிலட்சுமி தடுத்தாள்.

“எய்தலாம் மாமி. ஆபீசரு வந்து பாக்கறதுக்குள்ள என் தம்பி மண்டலத்த முடிச்சிடுவான். மொதல்ல அவன் நம்பணும்.”

“நீ சொன்னா நம்ப மாட்டானா?”

“மொத தபா நான் சொன்னதத்தான் நம்பிக்கினு உக்காந்துகீறான்.”

மறுநாள் காலையில் அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். கட்டுப் போட்ட காலை நாற்காலியின்மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தான். அன்று, அல்ல என்று அவனிடம் பாடம் நடத்திப் பயனில்லை என்பது அவளுக்குத் தெரியும். நேராகப் பந்தயத்துக்கு வந்தாள்.

“நான் படிச்சது வோணாம், டாக்டரம்மா சொன்னதும் வோணாம். கடைக்காரன் வாயாலயே கேப்போம். சக்கரை பூடும்னு அவன் சொன்னான்னா நான் வாயத் தொறக்கல. பூவாதுன்னு சொன்னான்னா அங்கேருந்து நேரா ஆஸ்பத்திரி. இன்னா சொல்ற?”

மண்ணாங்கட்டி சிரித்தான். “வா போலாம். அன்னிக்கு எங்கிட்ட அப்டிச் சொன்னவனாச்சே. நீதான் தோக்கப் போற.”

ஆட்டோ நிறுத்தத்து நண்பன் ஒருவனின் வண்டியில், சொர்ணத்தோடு மூவரும் தியாகராய நகர் போனார்கள். ரங்கநாதன் தெருவின் நெரிசலுக்குப் பின்னால், ஒரு மாடிப்படியின் கீழே அந்தக் கடை. குளிர்சாதனம், ஊதுவத்தி மணம், கண்ணாடி அலமாரி முழுக்கப் பச்சை டப்பா. மேலாளர் பரத்வாஜுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் சந்தனம், கழுத்தில் அடையாள அட்டை, குரலில் தேன்.

“வாங்க ஐயா, உக்காருங்க! எத்தனாவது நாள்?”

“நாப்பத்தி ரெண்டுங்க.”

“பிரமாதம். கால்ல ஏதோ கட்டு? உடம்புல இருக்கிற கழிவு வெளியேறுது ஐயா, பயப்படாதீங்க. ரெண்டாவது மண்டலமும் எடுத்துட்டீங்கன்னா அருமையான மாற்றம் தெரியும்.”

மண்ணாங்கட்டி அக்காளை ஒரு பார்வை பார்த்தான். தேர்தலில் வென்றவனின் பார்வை.

ஜோதிலட்சுமி கல்லாவின்மேல் டப்பாவை வைத்தாள். “தம்பி, இது சக்கரையக் கொணப்படுத்துமா?”

“நல்ல பலன் தெரியும்மா.”

“பலன நான் கேக்கல. கொணப்படுத்தும்னு இதுல எய்திக்கீற. நம்பரு சேமியா நம்பரு. சோத்துக்கு வாங்கின லைசன்ஸ்ல நோவு தீரும்னு போடலாமான்னு ஆபீசுல போய்க் கேக்கப் போறேன். மனு எய்தறதுக்கு ஆளு ரெடி.”

தேன் வற்றியது. “அம்மா, அப்படி எங்கேயும் போடலை. சரியாப் படிங்க.”

பக்கத்தில் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் கையில் புது டப்பாவுடன் நின்றிருந்தார். மேலாளர் அவரை ஷரஃபுதீன் பாய் என்று அழைத்து மூன்றாவது டப்பாவை எடுத்துக்கொடுத்ததை அவள் கவனித்திருந்தாள். ஜோதிலட்சுமி அவர் பக்கம் திரும்பினாள். “பாய், கண்ணாடி போட்டுகினு இந்த வரியக் கொஞ்சம் படிங்களேன். சத்தமா.”

அவர் படித்தார். “நீரிழிவு நோயைக் குணப்படுத்துவதற்கு உரியது.” டப்பாவைத் திருப்பினார். “அன்று தயாரித்த நாள்…”

“கேட்டியா?” என்றாள் அவள்.

“உங்க ரெண்டு பேருக்கும் தமிழ் சரியாத் தெரியலைன்னா அதுக்கு நாங்க பொறுப்பாக முடியாதும்மா” என்றான் பரத்வாஜ். “‘உரியது அன்று’ன்னு தெளிவாப் போட்டிருக்கோம்.”

ஜோதிலட்சுமி ஒன்றும் அறியாதவள்போல் முகத்தை வைத்துக்கொண்டாள். “அன்றுன்னா அன்னிக்குத்தான?”

“இல்லம்மா. அன்றுன்னா இல்லைன்னு அர்த்தம். நல்ல தமிழ். இலக்கணத் தமிழ். பள்ளிக்கூடத்துல ஒழுங்காப் படிச்சிருந்தா தெரியும்.”

“எனக்குத் தெரியலியேப்பா. எட்டாங்கிளாசு. புரியற மாதிரி சொல்லு. இது சக்கரையக் கொணப்படுத்துமா, படுத்தாதா?”

“படுத்தாதும்மா!”

“என் தம்பிக்குக் காதுல வியணும். சத்தமா.”

“குணப்படுத்தாது! இது மருந்தே கிடையாது, உணவுப் பொருள்! எழுதியே இருக்கோம், படிக்கத் தெரியாம எங்க மேல புகார் குடுப்பீங்களா?”

தன் நிறுவனத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து நிமிர்ந்த பரத்வாஜ், கடையிலிருந்த ஏழெட்டுப் பேரும் தன்னையே பார்ப்பதை அப்போதுதான் கண்டான். ஷரஃபுதீன் பாய் தன் கையிலிருந்த டப்பாவைக் கல்லாவின்மேல் வைத்து, ஒரு விரலால் அவன் பக்கமாகத் தள்ளினார்.

“போன மாசம் என்கிட்ட வேற சொன்னியேப்பா” என்றார்.

“அந்த நல்ல தமிழு” என்றாள் ஜோதிலட்சுமி. இப்போது அவள் குரலில் அறியாமை இல்லை. “கர்ப்பிணிக்கி அல்ல, கொயந்தைக்கி அல்ல, சாப்பாட்டுக்கு மாத்து அல்ல, மூடி ஒடஞ்சா அல்ல. நாலு எடத்துல அல்லன்னு போட்டியே, அங்கல்லாம் ஒன் இலக்கணம் எங்க போச்சு? இந்த ஒரு எடத்துக்கு மட்டும் அன்று எங்கேருந்து வந்துச்சு? அதுவும் தேதி பக்கத்துல?”

பரத்வாஜ் டப்பாவைப் பார்த்தான். உண்மையிலேயே அப்போதுதான் அதைப் படிக்கிறவன்போல் பார்த்தான். “அது… டிசைன் பண்ணவங்களைத்தான் கேக்கணும்.”

நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. மண்ணாங்கட்டி எழுந்துவிட்டான். கடைக்காரனுடைய நல்ல தமிழ் அவனுக்குப் புரியவில்லை. ‘படுத்தாது’ என்றது புரிந்தது.

“டேய்! நாப்பத்திரெண்டு நாளா மீனு துன்னலடா நானு!”

அதைக் கேட்டு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சொர்ணம் அவன் தோளைப் பிடித்து வாசலுக்குத் திருப்பினாள். படியிறங்கும்போது அவன் அக்காளின் முகத்தைப் பார்க்கவில்லை. “ஆஸ்பத்திரிக்கி வுடச் சொல்லு” என்று மட்டும் சொன்னான்.

சுண்டுவிரல் போய்விட்டது. பாதம் தப்பியது. அறுவைக்கு முன் செவிலியர் ஒப்புதல் படிவத்தை நீட்டியபோது, “யக்கா, படி” என்றான். அவள் தயங்கினாள். “இன்னும் நானா படிக்கணும்?” என்றாள். “வேற யாரு படிப்பாங்க?” என்றான். அவள் படித்தாள். ஒவ்வொரு வரியையும் அடுத்த வரியோடு சேர்த்துப் பார்த்து, பக்கத்தைத் திருப்பி, பின்புறம் வெற்றுத்தாள்தான் என்று உறுதி செய்துகொண்டு, பிறகே பேனாவைக் கொடுத்தாள்.

சனிக்கிழமை ஹம்சா மாமியின் கூடத்தில் மனு தயாராயிற்று. அந்த மனுவின் பேரில் அதிகாரிகள் கடைக்கு வந்து மாதிரிகளை எடுத்துச் சென்றார்கள் என்றும், விசாரணை நடக்கிறது என்றும் பின்னால் தகவல் வந்தது. ஆனால் மண்ணாங்கட்டியின் விரலைப்போல் இன்னும் எத்தனை விரல்கள், எத்தனை வீடுகளில், அந்தக் கட்டத்துக்கும் இந்தக் கட்டத்துக்கும் இடையில் விழுந்தன என்ற விசாரணையை யார் நடத்தப் போகிறார்கள்?

அந்தச் சனிக்கிழமை மாமி முத்து முத்தான எழுத்தில் மனுவை எழுதி முடித்து உரக்கப் படித்தார். உரிம எண், வாங்கிய நாள், நான்கு ‘அல்ல’, ஒரு ‘அன்று’, கட்டங்களின் படம், எல்லாம் முறையாக இருந்தன. கடைசி வரிக்கு வந்தார்.

“ஆகவே, இதன் முகப்பிலேயே பெரிய எழுத்தில் ‘இது மருந்து அன்று’ என அச்சிட ஆணையிடுமாறு…”

“மாமி.”

“என்னடி? சரியாத்தானே இருக்கு. ஒருமைக்கு அன்றுதான்.”

“சரியாத்தான் கீது. அதான் வோணாங்கறேன்.”

மாமி பேனாவால் தாளைத் தட்டினார். “அப்போ அல்லன்னு போடச் சொல்றியா? தெரிஞ்சே பிழையா எழுதச் சொல்றியே.”

“அல்லவும் வோணாம். என் தம்பிக்கு அதுவும் புரியாது. இல்லைன்னு போடுங்க.”

‘மருந்து இல்லை’ என்றால் மருந்து கைவசம் இல்லை என்றுதான் இலக்கணம் பொருள்கொள்ளும். அந்த வேறுபாட்டை அறிந்தவர்கள் அருகிவருகிறார்கள். ஹம்சா மாமி அவர்களுள் ஒருவர். மாணவிகளின் ஒற்றுப்பிழையைக்கூடப் பொறுக்காதவர். அவர் ‘அன்று’ என்பதன்மேல் கோடு கிழித்தார். மேலே ‘இல்லை’ என்று எழுதினார். அடுத்த வரிக்கு ஓடிவிடாதபடி, அந்தச் சொல்லையும் அதற்கு முன்னிருந்த ‘மருந்து’ என்பதையும் சேர்த்து ஒரே கட்டமாகச் சுற்றி வளைத்தார்.

“இப்போ படி” என்று தாளை நீட்டினார்.

ஜோதிலட்சுமி விரல் வைத்துப் படித்தாள்.